தொடாமலே கைமாறும் வெளிச்சம்!

நூற்றுக்கு இருபது. வகுப்பிலேயே கடைசி மார்க்!

ஹார்வர்டில் காலெடுத்து வைத்த புதிதில், முதல் கெமிஸ்ட்ரி எக்ஸாமில் மௌங்கி பவெண்டி என்ற மாணவர் வாங்கியது இவ்வளவுதான். பிரமாண்டமான ஹாலும், சூப்பர்வைசரின் கெடுபிடியும் அவரை மிரட்டிவிட்டதாம். அதே பவெண்டிக்கு 2023 அக்டோபரில் கெமிஸ்ட்ரிக்கான நோபல் பரிசு! கூடவே லூயிஸ் ப்ரூஸ், அலெக்சி எகிமோவ் என்று இன்னும் இரண்டு பேர். (அந்த வருடம் கொஸ்டின் பேப்பர் லீக் மாதிரி, அறிவிப்புக்கு சில மணி நேரம் முன்னாடியே மூன்று பெயரும் ஸ்வீடன் பத்திரிகைகளுக்கு லீக் ஆனது தனி காமெடி.)

அரியர் வெச்சிருக்கும் அன்பு நெஞ்சங்களே... இந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து வீட்டில் காட்டிக்கொள்ளுங்கள். நம்ம விஷயம் வேறு. அந்த மூன்று பேருக்கும் பரிசு வாங்கிக் கொடுத்த 'குவாண்டம் டாட்' என்ற பொடிப்புள்ளிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக உட்கார வைத்தால் என்ன நடக்கும்? தனியாக இருக்கும்போது சமர்த்தாக இருக்கிற பையன், கேங்கோடு சேர்ந்தால் மாறுவான் இல்லையா... அதே கதைதான்!

முதலில் புள்ளியைப் பார்த்துவிடுவோம். கேட்மியம் செலினைடு மாதிரி ஒரு செமிகண்டக்டரை எடுத்து, சில நானோமீட்டர் அளவுக்குத் துளித்துளி கிரிஸ்டலாக வளர்த்தால் அதுதான் குவாண்டம் டாட். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க. இதன் ஸ்பெஷல், நிறம். பொருள் ஒன்றே. ஆனால், இரண்டு நானோமீட்டர் புள்ளி நீலமாக ஜொலிக்கும். ஆறு நானோமீட்டர் புள்ளி சிவப்பாக ஜொலிக்கும். காரணம், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானுக்கு இடநெருக்கடி. வீணைத் தந்தியை எட்டத்தில் அழுத்தினால் கீழ்ஸ்தாயி, நீளத்தைக் குறைத்து அழுத்தினால் மேல்ஸ்தாயி... அதுபோல அறை சின்னதாக ஆக ஆக எலெக்ட்ரானின் எனர்ஜி மேலே ஏறும். எனர்ஜி ஏறினால் நிறம் நீலத்தை நோக்கிப் போகும். 1981-ல் கலர் கண்ணாடிக்குள் இதைக் கண்டுபிடித்தவர் சோவியத் யூனியனின் எகிமோவ். 1983-ல் திரவத்தில் மிதக்கும் துகள்களில் பார்த்தவர் அமெரிக்காவின் ப்ரூஸ். சைஸ் பிசகாமல் இவற்றைச் சமைக்கும் பக்குவத்தை 1993-ல் கொடுத்தவர் நம்ம இருபது மார்க் பவெண்டி.

இப்போ அக்கம்பக்கத்துக்கு வருவோம்.

1996-ல் பவெண்டியின் எம்.ஐ.டி. குழு ஒரு வேலை செய்தது. 3.85 நானோமீட்டர் சின்னப் புள்ளிகள், 6.2 நானோமீட்டர் பெரிய புள்ளிகள். இரண்டையும் கலந்து, மெல்லிய படலமாக நெருக்கி அடுக்கினார்கள். நூற்றுக்கு 82 சின்னது, 18 பெரியது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு நானோமீட்டர் சொச்சம் இடைவெளி. வெளிச்சம் அடித்துப் பார்த்தால்... மெஜாரிட்டியான சின்னப் புள்ளிகள் மங்கிவிட்டன. மைனாரிட்டியான பெரிய புள்ளிகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தன. சின்னது வாங்கிய எனர்ஜியைப் பெரியது லவட்டிக்கொண்டு போயிருக்கிறது!

எப்படி? கம்பி இல்லை. எலெக்ட்ரான் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் தாவவும் இல்லை. இன்னும் வேடிக்கை, வெளிச்சம்கூட நடுவில் பயணம் செய்யவில்லை.

'இது எப்பிடி பாஸ் சாத்தியம்?' என்பவர்கள் தெருமுனை இ.பி. டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு காயில். ஒன்றுக்கொன்று ஒயர் தொடர்பு கிடையாது. ஒன்றில் கரன்ட் ஆடினால், அதைச் சுற்றி இருக்கும் புலம் ஆடும், அந்த ஆட்டம் பக்கத்துக் காயிலையும் ஆட்டும். செகண்ட் இயரில் மியூச்சுவல் இண்டக்டன்ஸ் என்று மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதேதான். சின்னப் புள்ளிக்குள் தூண்டப்பட்ட எலெக்ட்ரான் ஒரு குட்டி ஆன்டெனா மாதிரி அதிர்கிறது. அதன் புலம் எட்டும் தூரத்தில், அதே அதிர்வெண்ணில் ஆடத் தெரிந்த இன்னொரு புள்ளி இருந்தால் எனர்ஜி அப்படியே கைமாறும். கொடுத்தவர் அணைந்துவிடுவார். வாங்கியவர் எரிவார்.

இந்தக் கணக்கைப் போட்டவர் தியோடர் ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மன்காரர். 1946-லும் 1948-லும் எழுதினார். குவாண்டம் டாட் என்று ஒன்று வரும் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அவர் கணக்கின் உயிர்நாடி, தூரம். இடைவெளி கூடக்கூட எனர்ஜி கைமாறும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்கில் விழும். ஏன் ஆறு? அந்தக் குட்டி ஆன்டெனாவின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. அதன் வர்க்கம்தான் வேகம். மூணு ரெண்டு ஆறு.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜோடிக்கு, பாதி எனர்ஜி கைமாறும் தூரம் ஆறு நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை நாலு நானோமீட்டருக்கு நெருக்கினால் 92 சதவிகிதம் கைமாறிவிடும். பன்னிரண்டு நானோமீட்டருக்கு விலக்கினால்? வெறும் ஒன்றரை சதவிகிதம்! ரெண்டு மடங்கு தள்ளி நின்றதற்கே நட்பு காலி.

இந்த அதீத செல்லத்தைப் பிடித்துக்கொண்டு 1967-ல் ஸ்ட்ரையர், ஹாக்லாண்ட் என்ற இருவர், 'அட, இதை வைத்து தூரத்தையே அளக்கலாமே' என்று நிரூபித்தார்கள். புரோட்டீனின் இரண்டு முனையிலும் சாயம் ஒட்டி, எனர்ஜி எவ்வளவு கைமாறுகிறது என்று பார்த்தால், முனைகளுக்கு நடுவே எத்தனை நானோமீட்டர் என்று சொல்லிவிடலாம். எந்த ஸ்கேலும் நுழைய முடியாத இடத்தில் ஒரு ஸ்கேல். 2003-ல் சாயத்துக்குப் பதில் குவாண்டம் டாட்டையே கொடுப்பவராக வைத்து, சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் நானோ சென்சார் வரை வந்துவிட்டார்கள்.

சரி, பெரியது ஏன் சின்னதுக்குத் திருப்பித் தருவதில்லை? சின்னப் புள்ளியின் எனர்ஜி மேல்தட்டு, பெரியதுடையது கீழ்த்தட்டு. கீழே வந்து விழுந்ததும் மிச்சம் கொஞ்சம் சூடாகக் கரைந்துவிடும். அப்புறம் ஏறி வர வழியில்லை. ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போவது மாதிரி, ஒருவழிப் பாதை. இதையே உபயோகமாக மாற்றி, சைஸ் வாரியாக அடுக்கினால் எனர்ஜியை நமக்கு வேண்டிய திசையில் ஓட வைக்கலாம் என்று 2002-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம் செய்து காட்டியது. 'ஒரே சைஸ்' என்று சொல்லி வாங்கும் புள்ளிகளிலும் நூற்றுக்கு அஞ்சு அப்படி இப்படி இருக்கும். அந்தச் சின்ன மேடு பள்ளம் போதும். படலத்தில் எனர்ஜி பள்ளம் தேடிப் போய், ஏதோ ஒரு பெரிய புள்ளியில் தேங்கிவிடும். ஆரம்பத்தில் விறுவிறுவென ஓடி, போகப்போக மந்தமாவதை 2014-ல் எம்.ஐ.டி.யில் நேரடியாகப் படம் பிடித்தார்கள். நம்ம ஊர் மழைத்தண்ணியேதான்!

பாலக்கோட்டுத் தோட்டத்தில்...

'இதெல்லாம் அமெரிக்கா மேட்டர், நமக்கு எதுக்கு?' என்று புரட்டப் போகிறீர்களா? வெயிட். இந்தக் கைமாற்று, உலகத்தில் உள்ள எல்லாத் தோட்டத்திலும் தினமும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுகிறது.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு என்றாலே தக்காளி. மண்டியில் பெட்டி பெட்டியாக அடுக்கி, கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் லாரி ஏற்றும் ஊர். எங்க சித்தப்பாவுக்கும் அங்கே ஒரு தக்காளித் தோட்டம் இருக்கு. லீவுக்குப் போனபோது நான் கையோடு கொண்டுபோனது இரண்டே பொருள்... கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்.

பத்துப் பதினைந்து தக்காளி இலையைப் பறித்து, சின்ன இடிகல்லில் போட்டு, கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு நசுக்கினேன். வேட்டித் துணியில் வடிகட்டியதும் கண்ணாடி டம்ளரில் கரும்பச்சைச் சாறு. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, முதலில் முழு இலை மேல் டார்ச் அடித்தேன். ஊதா வெளிச்சம் பட்டது, அவ்வளவுதான். அடுத்து டம்ளரின் பக்கவாட்டில் அடித்தேன். பச்சைச் சாறு சிவ்வென்று ரத்தச் சிவப்பாக ஜொலித்தது!

''என்னடா இது, மந்திரவாதி வேலையா இருக்கு!'' - சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

''ரெண்டுலயும் இருக்கறது ஒரே பச்சயம்தான் சித்தப்பா.''

''அப்புறம் ஏன் எலையில எரியல, சாத்துல மட்டும் எரியுது?''

''எலையில பக்கத்துல வாங்கிக்க ஆள் இருக்கு. சாத்துல இல்ல.''

விஷயம் இதுதான். 1932-ல் எமர்சன், ஆர்னால்டு என்ற இரு விஞ்ஞானிகள் பாசியை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர, சுமார் 2,500 குளோரோஃபில்கள் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது! ஒன்று செய்யும் வேலைக்கு ஏன் இத்தனை பேர்? பெரும்பாலான குளோரோஃபில்களுக்கு வெளிச்சம் பிடிப்பது மட்டும்தான் வேலை. பிடித்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடும். அவர் அடுத்தவரிடம். இப்படியே கைமாறி, 'ரியாக்‌ஷன் சென்டர்' என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் நிஜமான சமையல். ஃபார்ஸ்டர் தன் கணக்கைப் போடக் காரணமாக இருந்த புதிர்களில் முக்கியமானது இந்த இலைப் புதிர்தான். (இலைக்குள் குளோரோஃபில்கள் ரொம்பவே நெருக்கம் என்பதால், அவருடைய எளிய ஃபார்முலா எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது. குவாண்டம் கொசுறு கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆனால், அடிப்படை அதுவே.)

இலையை நசுக்கி ஸ்பிரிட்டில் கரைத்தபோது அந்த வரிசை கலைந்துபோனது. ஒவ்வொரு குளோரோஃபில்லும் தனித்தனியே மிதக்கிறது. வாங்கிய எனர்ஜியைக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. வேறு வழியின்றி சிவப்பு வெளிச்சமாகத் துப்புகிறது.

சித்தப்பா விவரமானவர். ''இந்தா... பொட்டியில ஒரு பழுத்த தக்காளி இருந்தா பக்கத்துக் காயெல்லாம் பழுக்குமே, அந்த மாதிரியா?'' என்றார். கிட்டத்தட்ட! ஒரே வித்தியாசம், தக்காளியில் எத்திலீன் என்ற வாயு நிஜமாகவே கிளம்பிப் போய்ப் பக்கத்துக் காயைப் பழுக்க வைக்கிறது. இங்கே எதுவும் கிளம்பவில்லை, ஆனால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் வைவாவில் அதே பார்வையைத்தான் பார்ப்பேன்.

இப்போ குவாண்டம் டாட்டும் தோட்டமும் சந்திக்கும் இடத்துக்கு வரலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் யூபிக்யூடி என்றொரு கம்பெனி. காப்பர், இண்டியம், சல்ஃபர் சேர்ந்த குவாண்டம் டாட்டுகளை பிளாஸ்டிக் ஷீட்டில் கலந்து, பசுமைக்குடிலின் கூரைக்குக் கீழே கட்டுகிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கி, செடிக்குப் பிடித்த ஆரஞ்சு, சிவப்பு வெளிச்சமாக அந்த ஷீட் மாற்றிக் கொடுக்கும். 2021-ல் வெளியான ஆய்வில், ஒருவகை ஷீட்டுக்குக் கீழே வளர்ந்த லெட்யூஸ் கீரையில், சாப்பிடும் பகுதியின் உலர் எடை 13 சதவிகிதம் கூடியிருந்தது.

இதில் அக்கம்பக்கத்துப் பிரச்னை எங்கே வருகிறது என்றால், ஷீட்டுக்குள் புள்ளிகள் நெருங்கிவிட்டால் வேலை கெட்டுவிடும். ஒன்றுக்கொன்று எனர்ஜியைக் கைமாற்றிக்கொண்டே போய், ஏதாவது ஒரு பழுதான புள்ளியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அது வெளிச்சமாக மாறாமல் வெறும் சூடாகப் போகும். ஒரு நொண்டிப் புள்ளி, சுற்றியிருக்கும் நல்ல புள்ளிகளின் சம்பாத்தியத்தையும் சேர்த்து அழிக்கும். அதனால்தான் ஷீட்டாக இருந்தாலும், கடைகளில் 'க்யூ.எல்.இ.டி.' என்று விற்கும் டி.வி.யாக இருந்தாலும், புள்ளிகளைப் பிளாஸ்டிக்குக்குள் எட்ட எட்ட நிறுத்துகிறார்கள். அல்லது ஒவ்வொன்றுக்கும் தடிமனாக ஒரு ஓடு மாட்டி 'இடிக்காம நில்லுப்பா' என்கிறார்கள். ஆறாம் அடுக்கு இருக்கும்போது, ரெண்டு மூணு நானோமீட்டர் ஓடு என்பது பெரிய காம்பவுண்ட் சுவர்!

சோலார் செல்காரர்களுக்கு இதற்கு நேர் எதிர் ஆசை. அவர்களுக்குப் புள்ளிகள் நெருங்கினால்தான் நல்லது. பிடித்ததை ஒரே திசையில் தள்ளிக் கொண்டுபோய் கரன்டாக்க வேண்டும், இலை செய்வதுபோல. இலை அளவுக்கு இன்னும் யாருக்கும் கைவரவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஷீட் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். ''வெளைச்சல் கூடுமாம் சித்தப்பா.''

''எல்லாருக்கும் கூடுமா?''

''எல்லாரும் போட்டா கூடும்.''

''அப்ப வெலை எறங்கும்'' என்றார் சட்டென்று. ''போன தடவ பறிக்கிற கூலிக்கே கட்டல. எட்டுப் பொட்டி செடியிலயே விட்டேன். நீ வெளைச்சலைக் கூட்டற வித்தையை விட்டுட்டு, பறிச்சது பத்து நாளு கெடாம இருக்கற வித்தையைப் படிச்சுட்டு வா.''

எனக்கு பதில் வரவில்லை. நியாயமான கேள்வி. ஆனால், அதற்கும் இந்தப் புள்ளிகளின் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. கைமாற்றும் வேலை தூரத்தைப் பொறுத்தது அல்லவா? புள்ளியோடு ஒட்டியிருக்கும் சாயத்தை ஒரு மூலக்கூறு வந்து தள்ளிவிட்டால் புள்ளியின் வெளிச்சம் மாறும். மேலே சொன்ன சர்க்கரை சென்சார் இந்தத் தந்திரம்தான். கெட்டுப்போகும் காயில் இருந்து வரும் ஏதாவது ஒரு பொருளுக்கு இதேபோல ஒன்றைச் செய்தால், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று திறக்காமலே தெரியும். பாலக்கோடு மண்டிக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்வதுதான் கஷ்டம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. செய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ரெண்டாவது குழாய்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இந்தப் பக்கம் வரும் நண்பர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரு புள்ளி மங்கி இன்னொன்று பளிச்சிட்டால் உடனே 'ஃபார்ஸ்டர் கைமாற்று' என்று ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள். முதல் புள்ளி நிஜமாகவே வெளிச்சம் விட்டு, அந்த வெளிச்சத்தை ரெண்டாவது புள்ளி சாதாரணமாக விழுங்கியிருக்கலாம். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபடுத்துவது எப்படி?

வீட்டு மாடியில் ஒரு தண்ணி டேங்க். அடியில் ஒரு குழாய் திறந்திருக்கிறது. டேங்க் காலியாக இருபது நிமிஷம். வழிந்த தண்ணியைக் கீழே யாராவது குடத்தில் பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும் அதே இருபது நிமிஷம்தான். ஆனால், டேங்கிலேயே ரெண்டாவது குழாயைத் திறந்தால் சீக்கிரம் காலியாகும். வெளிச்சத்தை விழுங்குவது, குடத்தில் பிடிப்பது. ஃபார்ஸ்டர் கைமாற்று, ரெண்டாவது குழாய். ஆகவே, கொடுக்கும் புள்ளி அணைய எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். தனியாக இருக்கும் கேட்மியம் செலினைடு புள்ளி அணைய பத்து, இருபது நானோசெகண்ட் ஆகும். பக்கத்தில் வாங்குகிறவர் இருந்தால் அது சுருங்கும். 1996-ல் பவெண்டி குழுவும் இதைக் காட்டிய பிறகுதான் விஷயத்தை உறுதியாகச் சொன்னது.

நானோசெகண்ட் என்பது ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. எங்க காலேஜ் லேப்பில் இருக்கும் ஸ்டாப்வாட்சில் பட்டனே சரியாக அமுங்காது! ஆனால், அதற்காக போஸ்டன் போக வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், இப்படிப்பட்ட அதிவேக நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. இன்னும் தூரம் போக முடிந்தவர்களுக்குக் கொல்கத்தா ஐ.ஏ.சி.எஸ். நம்ம சி.வி.ராமனும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்த அதே இன்ஸ்டிட்யூட். அங்கே அமிதாவ பத்ரா என்ற பேராசிரியரின் குழு, குவாண்டம் டாட்டில் இருந்து சாயங்களுக்கு எனர்ஜி எப்படிக் கைமாறுகிறது என்று வரிசையாக ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. கைடிடம் பேச்சை ஆரம்பிக்க அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்துவிட்டுப் போனால் கெத்தாக இருக்கும்.

புள்ளி வாங்குவதாக இருந்தால் கேட்மியத்தை யோசித்து வாங்குங்கள். அது விஷ உலோகம். ஐரோப்பாவில் எலெக்ட்ரானிக் பொருட்களில் 0.01 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று பொது விதி. 2015-ல் இருந்தே சாம்சங் தன் குவாண்டம் டாட் டி.வி.களுக்குக் கேட்மியம் இல்லாத புள்ளிகளைத்தான் பயன்படுத்துகிறது. இண்டியம் பாஸ்பைடு, காப்பர் இண்டியம் சல்பைடு என்று நல்ல மாற்றுகள் இருக்கின்றன.

எதுவும் வாங்க முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கு தக்காளி இலை. முருங்கையோ பசலையோகூட ஓகே. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். சாறை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெளுத்து, சிவப்பும் செத்துவிடும். மூடி போட்டு இருட்டில் வைத்தால் மறுநாளும் எரியும்... எங்க சித்தப்பா வீட்டுக் கொல்லையில் ரெண்டு நாள் எரிஞ்சுது. மூணாம் நாள், பூச்சிமருந்து என்று நினைத்துப் பாட்டி கீழே ஊத்திட்டாங்க!